கேத்தரின் மிஸ்ஸின் வயிற்றெரிச்சல்

கேத்தரின் மிஸ் நல்லவள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனி வரப்போவதில் அவளுடைய நல்ல குணம் அவ்வளவாகத் தலைகாட்டாது. பிள்ளைகளைக் கைநீட்டி அடிக்க மாட்டாள். காய்ச்சல் என்று வராமல் போன பிள்ளையின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே போய் நிற்பாள். ஆனால் பொறாமை என்று வந்துவிட்டால் அவளை மிஞ்ச அந்தப் பட்டாளத்து கன்டோன்மென்ட் முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது.

வெள்ளைக்காரன் காலம். காக்ஸ் டவுனில் மாதா கோவிலை ஒட்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அதில் இரண்டாம் வகுப்பு அவளுடையது. இரண்டாம் வகுப்பு என்றால் லேசாக நினைத்துவிடக் கூடாது. பேபி கிளாஸிலும் முதல் வகுப்பிலும் பிள்ளைகள் பூனை, நாய், தொப்பி என்று குட்டி குட்டி இங்கிலீஷ் வார்த்தையாக எழுதிவிட்டு வரும். இரண்டாம் வகுப்பில்தான் அந்த வார்த்தைகளுக்கு வால் முளைக்கும். மேக் என்று எழுதத் தெரிந்த பிள்ளையை மேக்கிங் என்று எழுதச் சொன்னால், கடைசியில் இருக்கும் ஈ-யை அப்படியே வைத்துக்கொண்டு அதன் முதுகில் ஐஎன்ஜி-யை ஏற்றிவிடும். ரன் எழுதும், ரன்னிங்கில் ஒரு என்-னைத் தின்றுவிடும். பேபி ஒன்றாக இருக்கும்வரை சரியாக இருக்கும், பல பேபிகள் வந்தவுடன் எல்லாம் குழம்பிப்போகும். இந்தக் குழப்பத்தைத் தெளியவைப்பதுதான் கேத்தரின் மிஸ்ஸின் உத்தியோகம், பெருமை, வாழ்க்கை எல்லாமே.

அவளுடைய அப்பா ஒரு கர்னல் பங்களாவில் பட்லராக இருந்தவர். வீட்டில் இங்கிலீஷ் தாராளமாகப் புழங்கியது, ஆனால் வாயோடு சரி. எழுத்து என்று வந்தபோது கேத்தரினுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் தப்பாக எழுதின ஒவ்வொரு வார்த்தைக்கும் முழங்காலில் நிற்க வேண்டும். அப்படி நின்றுகொண்டே, இனிமேல் மறக்கக் கூடாது என்று தனக்குத் தானே தமிழில் ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டாள்.

வார்த்தைக் கடைசியில் ஊமை ஈ,
ஐஎன்ஜி வந்தா ஓடு நீ!
ரன்னுக்கு ஒரு என் பத்தாது,
ரெண்டு போட்டா தப்பாது!
நெறைய பேபி வந்தா ஒய்,
ஐ-யா மாறும், அது மெய்!

அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பரீட்சை பாஸ் செய்தாள், டிரெய்னிங் முடித்தாள், மிஸ் ஆனாள். பிறகு அதையே தன் பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். தொடையில் தாளம் தட்டிக்கொண்டு வகுப்பே அதைப் பாடும். ஒரே ஒரு சங்கடம், இங்கிலீஷ் பாட நேரத்தில் தமிழ் கூடாது என்பது அந்தப் பள்ளியின் சட்டம். அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கதவோரம் உட்காரும் பிள்ளை செருப்புச் சத்தம் கேட்டால் இரண்டு தரம் இருமும். அந்த இருமல் கேட்டதும் தாளம் நின்று, மொத்த வகுப்பும் இங்கிலீஷுக்குத் தாவிவிடும். பள்ளி மேனேஜரான ரெமிஜியஸ் சாமியார் உள்ளே நுழையும்போது விதிகள் இங்கிலீஷில் கணீரென்று ஒலித்துக்கொண்டிருக்கும். சாமியார் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இந்த வகுப்புக்கு ஏன் எப்போதும் ஜலதோஷம் என்று மட்டும் அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஆக, காக்ஸ் டவுனில் அவளிடம் படித்த பிள்ளைகள் பெரியவர்களாகி ஆபீஸில் உட்கார்ந்து தப்பில்லாமல் எழுதினார்கள். ஆனால் அந்தப் பாட்டைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது, யாரும் அவளைப் பாராட்டினதும் கிடையாது. நன்றாகச் சொல்லித் தருகிறாள் என்பார்கள், அவ்வளவுதான். எப்படி என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அவளுக்கு அது குறையாகவும் படவில்லை, மௌரீன் வரும்வரை.

பிள்ளைகள் அதிகமானதால் இரண்டாம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். கட்டிடம் என்னவோ ஒரே ஹால்தான். நடுவில் பச்சைத் துணி அடித்த மரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கு ஸ்கிரீன் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பக்கம் கேத்தரின். அந்தப் பக்கம், மெட்ராஸில் டிரெய்னிங் முடித்துவிட்டுப் புதிதாக வந்த மௌரீன்.

மௌரீனும் நம் தமிழ் ஜனம்தான், ரிச்சர்ட்ஸ் டவுன் பெண். ஆனால் சைக்கிளில் வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு, கேட்டில் நிற்கிற அத்தனை பிள்ளைகளும் பின்னாலேயே ஓடிவர வந்து இறங்கினாள். முதல் நாளே கேத்தரினுக்கு மூக்கு விடைத்தது. போதாததற்கு மௌரீன் நேரே வந்து, “அக்கா, உங்களப் பத்தி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கேன். எனக்கு ஒண்ணுந் தெரியாது, நீங்கதான் எல்லாம் சொல்லித் தரணும்” என்றாள். இவள் கெட்ட மனுஷியாக இருந்தால் தேவலை என்று கேத்தரினுக்குத் தோன்றியது. கெட்டவளாக இருந்தால் வெறுத்துத் தொலைக்கலாம், இவளை என்ன செய்வது?

ஸ்கிரீன் கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. நாற்காலி நகரும் சத்தம், பிள்ளைகள் குடுகுடுவென்று ஓடும் சத்தம், கைதட்டல், மறுபடி சிரிப்பு. கேத்தரின் பாட்டை ஆரம்பித்தால் அவளுடைய பிள்ளைகள் வாயால் பாடிக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருந்தன. கதவோரப் பிள்ளை செருப்புச் சத்தத்தைக் கவனிக்காமல் கழுத்தை நீட்டி ஸ்கிரீன் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்து, சாமியார் வந்தது தெரியாமல் வகுப்பே ஒருநாள் கையும் களவுமாக மாட்டவிருந்தது. அவளே இருமித் தப்பித்தாள்.

அப்படி என்னதான் செய்கிறாள் என்பது மதிய இடைவேளையில் தெரிந்தது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் கூடி விளையாடின. ஜன்னலில் நின்று பார்த்தாள். நான்கு பிள்ளைகள் ஆளுக்கு ஓர் எழுத்தைச் சிலேட்டில் எழுதி நெஞ்சில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றன: ஹோப். தூரத்திலிருந்து மூன்று பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு ரயில் மாதிரி வந்தன: ஐஎன்ஜி. அவை நெருங்கியதும் ஈ-யாக நின்ற பிள்ளை எல்லோருக்கும் தலைகுனிந்து வணக்கம் போட்டு, கையாட்டி, டாட்டா சொல்லிவிட்டு வரிசையை விட்டுப் போயிற்று. அடுத்தது ரன். ஐஎன்ஜி வருவதைப் பார்த்ததும் கடைசியில் நின்ற என், “தனியா நிக்க பயமா இருக்கு” என்று கத்தி, ஓடிப்போய்த் தன்னைப் போலவே உயரமுள்ள இன்னொரு என்-னை இழுத்துக்கொண்டு வந்தது. பேபியில் இருந்த ஒய் சிலேட்டைத் திருப்பியது, பின்பக்கம் ஐ எழுதியிருந்தது. சுற்றி நின்றவை குதித்தன.

நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அசட்டு வேலையாக இருந்திருந்தால் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருப்பாள். இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைக்க நினைக்க அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. அதைவிட, டாட்டா சொல்லிவிட்டுப் போன அந்த ஈ யார் தெரியுமா? ருக்கு. கேத்தரினுடைய பக்கத்துப் பிள்ளை. கம்பவுண்டர் மகள், பாட்டை எல்லோருக்கும் முன்னால் ஆரம்பித்துவைக்கிறவள். அந்த ருக்கு அங்கே கையாட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயந்திரம் வீட்டில் பாத்திரங்கள் உருண்டன. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி சிரில் ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா, அவனோடுதான் இருந்தாள்.

“இன்னாத்துக்குக்கா மூஞ்சிய இப்பிடி தூக்கி வெச்சிங்கிற?” என்றான் சிரில்.

“ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்த சர்க்கஸ் கூடாரம் ஆக்கிட்டா ஒருத்தி. எழுத்துப் படிக்கிற நேரத்துல ஆட்டம், பாட்டம்.”

“நீயுந்தான பாட்டு பாட வெக்கிற?”

“அது வேற!”

“இன்னா வேற? அவ சைக்கிள்ல வரா, நீ நடந்து போற. அதான உனுக்குப் பேஜாரு?”

கேத்தரின் அவனுக்குப் போட இருந்த சாம்பார்க் கரண்டியைத் திரும்பச் சட்டியிலேயே போட்டாள். அன்றைக்கு அவன் ரசத்தோடு எழுந்தான்.

இந்த நிலையில்தான் பேபி கிளாஸ் டீச்சருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அவள் கோலார் தங்கவயலுக்குப் போகிறாள் என்ற செய்தி வந்தது. ரெமிஜியஸ் சாமியார் இருவரையும் கூப்பிட்டார். புது ஆள் போட வசதியில்லை, அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்பின் இரண்டு பிரிவையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிடுவோம் என்றார். ஒருத்தர் இரண்டாம் வகுப்பைப் பார்க்கட்டும், இன்னொருத்தர் பேபி கிளாஸுக்குப் போகட்டும்.

“யாருன்னு நான் சொன்னா மனஸ்தாபம் வரும். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வராங்க. ரெண்டு பக்கமும் பாத்துட்டு அவங்களே சொல்லட்டும்.”

“சரிங்க சாமி” என்றாள் மௌரீன், சிரித்த முகத்தோடு. கேத்தரின் பேபி கிளாஸ் அறையை நினைத்துப் பார்த்தாள். பேபி கிளாஸ் என்றால் மணல் தட்டு, மூக்குத் துடைக்கிற துணி, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்ப்பது. அங்கே வார்த்தைக்கு வால் கிடையாது. அவளுடைய பாட்டுக்கு அங்கே வேலையே இல்லை. இத்தனை வருஷம் கட்டிக்காத்த இரண்டாம் வகுப்பைச் சைக்கிள்காரியிடம் கொடுத்துவிட்டு அந்த அறைக்குள் போவதா? மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மௌரீனுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்து அவளும் தங்கவயலுக்கோ இன்னும் தூரத்துக்கோ போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டுதலில் தப்பு ஒன்றும் இல்லை, அந்தப் பெண்ணுக்கும் நல்லதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தாள், வெள்ளைக்காரத் துரைசானி. வெயில் தொப்பி, நீளக் கை வைத்த கவுன், கண்ணாடி. சாமியார் பக்கத்தில் நின்றார். சீனியர் என்ற முறையில் முதலில் கேத்தரின் பக்கம். துரைசானி கரும்பலகையில் ஹோப் என்று எழுதி, இதோடு ஐஎன்ஜி சேர்த்தால் எப்படி எழுதுவீர்கள் என்று பொதுவாகக் கேட்டாள்.

பிள்ளைகளின் கை தானாகத் தொடைக்குப் போயிற்று. தாளம் தட்டினால்தான் அவற்றுக்கு ஈ ஓடும். ஆனால் துரைசானி முன்னால் தமிழ் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு வாரமாக மிரட்டி வைத்திருந்தாள் கேத்தரின். இங்கிலீஷ் விதியைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லத் தெரியும், ஆனால் கேட்டவுடன் எடுத்து வைக்கத் தெரியவில்லை. வகுப்பே உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு மிரள மிரள விழித்தது. போச்சு, எல்லாம் போச்சு.

அப்போது ருக்கு எழுந்தாள். சிலேட்டில் ஈ எழுதிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அதைப் பார்த்து இன்னும் மூன்று பிள்ளைகள் ஓடின. ஹோப் நின்றது. பின்பெஞ்சிலிருந்து மூன்று பயல்கள் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். ருக்கு குனிந்து வணக்கம் போட்டாள், கையாட்டினாள், துரைசானியைப் பார்த்து டாட்டா சொன்னாள், வரிசையை விட்டுப் போய் ஓரமாக நின்றுகொண்டாள்.

துரைசானி வாய்விட்டுச் சிரித்தாள். ரன் எழுதினாள், இரண்டாவது என் இழுபட்டு வந்தது. பேபி எழுதினாள், ஒய் திரும்பி ஐ ஆயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இத்தனை பள்ளிக்கூடம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, இது யாருடைய யோசனை என்று கேட்டாள்.

கேத்தரின் வாயைத் திறந்தாள். அதற்குள் சாமியார் முந்திக்கொண்டு, எங்கள் மிஸ் கேத்தரின் மிகவும் அனுபவசாலி என்று இங்கிலீஷில் சொன்னார். திறந்த வாய் அப்படியே புன்சிரிப்பாக மாறிவிட்டது. அவள் பொய் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் போனார்கள். மௌரீனின் பிள்ளைகளும் அதையே செய்தன, இன்னும் ஜோராகவே செய்தன. துரைசானி மௌரீனின் தோளைத் தட்டி, உன் சீனியரைப் பார்த்து நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய் என்றாள். இந்தப் பக்கம் கேத்தரின் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

“யெஸ், மேடம்” என்றாள் மௌரீன்.

அவர்கள் போன பிறகு மௌரீன் ஸ்கிரீனைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கேத்தரின் சண்டைக்குத் தயாராக இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள். மௌரீனோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளைங்க எவ்ளோ நல்லா செஞ்சாங்க இல்லக்கா? ருக்கு மட்டும் எழுந்திருக்கலேன்னா என்ன ஆயிருக்கும்! எனக்கு அங்க இடுக்குல பாத்துகிட்டு இருப்பே கொள்ளல” என்றாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கேத்தரினுக்கு அவளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

இரண்டாம் வகுப்பு கேத்தரினுக்குத்தான் என்று முடிவாகியது. புது வருஷத்துக்குப் பள்ளி திறந்ததும் ஸ்கிரீனை எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டார்கள். மௌரீன் தன் சாமான்களை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு பேபி கிளாஸுக்குப் போனாள். கேத்தரின் ஹாலின் நடுவில் நின்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். எல்லாம் அவளுடையது. ஒரு மாதம்போல நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு துரைசானியிடமிருந்து தகவல் வந்தது. மிஸ் கேத்தரினின் புது முறையை கன்டோன்மென்ட்டின் மற்றப் பள்ளி டீச்சர்களும் பார்க்க வேண்டும், நானே அழைத்து வருகிறேன் என்று. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டைக் கற்றுக்கொடுக்கும் வேலை, வகுப்பு மாறிப்போன ருக்குவின் தலையில் விழுந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து தினமும் இடைவேளையில் வந்து அதிகாரமாகச் சொல்லிக்கொடுத்தாள். கேத்தரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் வேறு யாரும் இல்லாத சமயத்தில் தன் பாட்டையும் தாளத்தோடு சொல்லிக்கொடுத்தாள். பரீட்சைக்கு உதவப்போவது எது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நாளும் வந்தது. சுவரோரம் பெஞ்சு போட்டு டீச்சர்கள் உட்கார்ந்தார்கள். எல்லாரும் நம் பெண்கள்தான், அல்சூர், பிளாக்பள்ளி, செயின்ட் ஜான்ஸ் ரோடு என்று பல பக்கத்திலிருந்து இஸ்திரி போட்ட புடவையில் வந்திருந்தார்கள். நடுவில் துரைசானி, பக்கத்தில் சாமியார். பேபி கிளாஸைப் பெரிய பிள்ளைகளிடம் விட்டுவிட்டு மௌரீனும் வந்து வாசலோரம் நின்றாள்.

விளையாட்டு தப்பில்லாமல் நடந்தது. கைதட்டல் எழுந்தது. துரைசானி எழுந்து ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தாள். பாருங்கள், அந்த ஈ சும்மா போகவில்லை, விடைபெற்றுக்கொண்டு போகிறது, அதனால்தான் பிள்ளைக்கு மறக்காது. பயந்துபோன என் துணைக்கு ஆள் தேடுகிறது, எவ்வளவு நுட்பம்! ஒய் வேறெங்கும் போகாமல் அதே பிள்ளையாகவே இருந்து சிலேட்டை மட்டும் திருப்புகிறது, எத்தனை யோசித்திருக்க வேண்டும்! இதைச் செய்தவள் பிறவி ஆசிரியை.

பிறவி ஆசிரியை. கேத்தரினின் காது மடல் சுட்டது. அவளைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் புகழ்ச்சி அவளைத் தாண்டி வாசலோரம் போய் இறங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு மட்டும் தெரிந்தது. டாட்டா யாருடையது? மௌரீனுடையது. பயந்த என் யாருடையது? மௌரீனுடையது. நுட்பம், யோசனை, பிறவி, எல்லாம் அவளுக்கு. தான் இங்கே நின்றுகொண்டு அவளுக்கு வருகிற மாலையைக் கழுத்தில் வாங்கி அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள், அவ்வளவுதான். மௌரீன் வேறு அங்கே நின்று தன் கல்யாணத்தைப் பார்ப்பதுபோலப் பூரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் உழைத்தவளுக்கு இப்படி ஒரு வார்த்தை கிடையாது. நேற்று வந்தவளுக்குப் பெயரே சொல்லாத இடத்தில்கூடப் புகழ்ச்சி தேடிக்கொண்டு வருகிறது. ஐயோ, ஐயோ, எப்படித் தாங்குவது இதை?

துரைசானி இன்னொரு முறை பிறவி என்று ஆரம்பித்தாள்.

“இது என்னுது இல்ல!” என்று கத்திவிட்டாள் கேத்தரின். தமிழில் கத்தியதை உணர்ந்து, இங்கிலீஷில் திருப்பிச் சொன்னாள். “இது என் யோசனை இல்லை. அதோ நிற்கிறாளே மௌரீன், அவளுடையது. முதலிலிருந்தே அவளுடையதுதான். என்னுடையது வேறு.”

சாமியார் முகத்தில் ஈயாடவில்லை. துரைசானி கேத்தரினை மெதுவாக ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியானால் உன்னுடையதைக் காட்டு என்றாள்.

இதற்குத்தான் அவள் இத்தனை நாளும் காத்திருந்தாள். கதவோரப் பிள்ளை பழக்க தோஷத்தில் இருமியது. “இருமாத. இன்னிக்கி பாடலாம்” என்றாள். தொடையில் தட்டினாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன, பிறகு பிடித்துக்கொண்டன. வார்த்தைக் கடைசியில் ஊமை ஈ, ஐஎன்ஜி வந்தா ஓடு நீ! ஹால் அதிர்ந்தது. பெஞ்சிலிருந்த டீச்சர்களின் முகம் மலர்ந்தது. ஒருத்தி சிரித்துவிட்டாள், இன்னொருத்தியின் விரல் மடியில் தானாகத் தாளம் போட்டது. கேத்தரினுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

துரைசானி நெற்றியைச் சுருக்கி, இது என்ன என்று கேட்டாள். கேத்தரின் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அதிலிருந்த உயிர் எல்லாம் வடிந்துபோய்ச் சக்கையாக வந்தது. ஊமையான ஈயே, ஐஎன்ஜி வந்தால் நீ ஓடிவிடு என்று சொல்கிறோம், என்றாள். மடியில் தாளம் போட்ட விரல், துரைசானி திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது. சிரித்தவள் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“ஹௌ சார்மிங்” என்றாள் துரைசானி, மூக்கு எங்கே என்று கேட்டுப் பேபி கிளாஸ் பிள்ளை தொட்டுக் காட்டினால் சொல்வதுபோல. அவ்வளவுதான், பாட்டின் கதை அதோடு முடிந்தது.

ஆனால் துரைசானி உட்காரவில்லை. கேத்தரினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எல்லோர் பக்கமும் திரும்பி, நான் இன்று பார்த்ததிலேயே பெரிய பாடம் இதுதான் என்றாள். தனக்குச் சேராத புகழைத் தானாக முன்வந்து மறுக்கிறாளே, இந்த நேர்மையை எந்த டிரெய்னிங்கில் கற்றுக்கொடுக்க முடியும் என்றாள். டீச்சர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விளையாட்டுக்குத் தட்டியதைவிட பலமாகத் தட்டினார்கள். சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உண்மை தெரிந்த பிறகு இரண்டாம் வகுப்பு மௌரீனுக்கு என்று மாற்றினார்கள். அது நியாயம்தானே என்று சாமியார் கேட்டார். கேத்தரின், “ஆமாங்க சாமி” என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அவள் பெயரைச் சொல்லாமல், நம் கோவில் பங்கிலேயே ஒரு சகோதரி என்று ஆரம்பித்து, உண்மைக்காகத் தன் இடத்தையே விட்டுக்கொடுத்த கதையைச் சொன்னார். கோவிலில் இருந்த முக்காடுகள் அத்தனையும் அவள் பக்கம் திரும்பின.

பூசை முடிந்து வாசலில் மௌரீன் அவளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அக்கா, நான் போயி சாமிகிட்ட சொல்லிட்டேன், எனக்கு அந்த கிளாஸ் வேணாம்னு. அவரு கேக்கல. உங்க கால்ல விழணும் போல இருக்குக்கா. உங்க மனசு யாருக்கு வரும்?”

கேத்தரினுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. வகுப்பு போயிற்று, பாட்டுப் போயிற்று, இனி என்ன இருக்கிறது மறைத்து வைக்க?

“மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல” என்றாள். “பொறாமைடி. உம்மேல பொறாமை. நீ சைக்கிள்ல வந்து எறங்குன நாள்லேர்ந்து எனக்கு வயிறு எரியுது. அன்னிக்கி அந்தம்மா உன்ன புகழ்றத என்னால காதுகொடுத்துக் கேக்க முடியல. அதான் கத்துனேன். நேர்மையாம் நேர்மை! முன்னாடி வாய மூடிட்டு இருந்தேனே, அப்ப எங்க போச்சு அது?”

மௌரீன் அவளை ஒரு கணம் விழித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண்ணீரும் சிரிப்புமாக, கேட்டோரம் நின்ற பெண்களைக் கூப்பிட்டாள்.

“கேட்டீங்களா இத? யாரும் புகழ்ந்துடக் கூடாது இவங்கள. உடனே தன்னத்தானே இப்பிடி மட்டம் தட்டிக்குவாங்க. பொறாமையாம்! இவங்களுக்காம்!”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். தங்கமான மனசு என்றாள் ஒருத்தி. அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான் என்றாள் இன்னொருத்தி. கேத்தரின், “நெசமாத்தான் சொல்றேன்” என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு பேபி கிளாஸிலேயே இருந்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றாள். காக்ஸ் டவுனில் ரொம்ப காலம், பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கேத்தரின் மிஸ்ஸைத்தான் காட்டினார்கள். அவள் வாழ்க்கையில் யாரிடமும் மனசைத் திறந்து சொன்ன உண்மை ஒன்றே ஒன்றுதான், அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அன்று கோவில் வாசலில் சிரிப்பு அடங்கியதும் மௌரீன் சைக்கிளை உருட்டிக்கொண்டு, வீடு வரைக்கும் கூட நடந்து வரேன் அக்கா என்றாள். கேத்தரின் பல்லைக் கடித்துக்கொண்டு, சரி வா என்றாள்.